மொக்கை வாள்

ப்ரௌசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்த காலம். திருவொற்றியூரில் அப்படி ஒன்றில் உட்கார்ந்து, ஐரோப்பியர்கள் பழைய முறைப்படி வாள்சண்டை போட்டு விளையாடும் படங்களைப் பார்த்தேன். பித்துப் பிடித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு முகக் கவசம், கையுறை, பஞ்சு வைத்த கோட்டு, கூர் இல்லாத வாள், இவ்வளவு போதுமாம். வாள் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் பிடிக்க வேண்டியது ஒரு நல்ல வக்கீலை. அது அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

என்னோடு மோதச் சம்மதித்த ஒரே ஜீவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அவன் மேல ஒரு கீறல் வுய்ந்துச்சி, நீ எங்கம்மா வூட்டுப் பக்கமே வர முடியாது. கத்திய மொதல்ல என் கைல குடு. நான் பாத்துட்டுதான் வுடுவேன்."

என் வீரம் மொத்தமும் அவள் சோதனையில் தொங்கியது.

கையுறை எளிது. மணலியில் வெல்டர்கள் போடும் தோல் கையுறை கிடைத்தது. முகத்துக்குக் கம்பி வைத்த கிரிக்கெட் ஹெல்மெட். கோட்டுக்கு வண்ணாரப்பேட்டை போனேன். சித்திரை வெயிலில் பஞ்சுக் கோட்டு கேட்டவனைக் கடைக்கார பாய் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊட்டிக்கா தம்பி?"

"இல்ல பாய், எண்ணூருக்கு."

அவர் அவசரமாகக் கோட்டை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

வாளுக்கு எர்ணாவூர் பட்டறை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தர ஒப்புக்கொண்ட பட்டறைக்காரரிடம், தெளிவாகச் சொல்வதாக நினைத்து, "மொக்கையா இருந்தா போதும்ணே" என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"நம்ம பட்டறைல மொக்கை வேலையே கெடையாது நைனா. மாலு எப்டி வருதுன்னு மட்டும் பாரு."

கூர் வேண்டாம் என்று நான் சொன்ன மொக்கை, மட்டமான வேலை என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. வாளை வாங்கப் போன அன்றுதான் அது எனக்கு உறைத்தது. அவர் ஒரு பழைய பேப்பரைத் தூக்கிப் பிடித்து வாளால் லேசாகத் தொட்டார். பேப்பர் சத்தமில்லாமல் இரண்டானது.

"சாணை புடிச்சதுக்குக் காசு வாணாம். ஒனக்கு இன்னா பேஜாரோ, தீந்துரும்" என்று தோளைத் தட்டினார்.

அவ்வளவு பூரித்து நிற்கிறவரிடம் மழுக்கித் தரச் சொல்ல வாய் வரவில்லை. எரிச்சல் முழுக்க என் மேலேயே வந்தது.

சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவாள், பிறகு அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அவள் அதை அடுப்படியில் கிடந்த பரங்கிக்காய் மேல் வைத்தாள். ஓங்கக்கூட இல்லை. காய் இரண்டாகப் பிளந்து உருண்டது. கோட்டும் கையுறையுமாக வாசலில் தயாராக நின்ற மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அவளோ மூலையில் கிடந்த அருவாமனையை என் பக்கம் தள்ளினாள். சாணை பிடித்துத் தரச் சொல்லி அவள் மாதக்கணக்கில் கரடியாய்க் கத்தியும் நான் காதில் போட்டுக்கொள்ளாத அருவாமனை அது.

"வெட்டாத கத்திக்கு ஊரெல்லாம் அலைஞ்சியே, இத்த எட்த்துகினு போய் சண்ட போடு. அது என்கிட்ட இருக்கட்டும்."