பனை காத்த பெருமகனார்

எங்கள் காலனியின் கிராமத்துக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு பொன்னுதுரை அண்ணாச்சியிடம் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார். தூத்துக்குடி பஜாரில் அப்பாவின் மளிகைக்கடை மாடியில் வளர்ந்து, துறைமுக அலுவலகத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்றவர். காலில் மண் பட்டால் ஆகாது என்று வீட்டைச் சுற்றி டைல்ஸ் பதித்திருக்கிறார். மண்வாசனை பற்றி அவரைப்போல் பேச ஆள் கிடையாது.

இங்கே முன்பு பனந்தோப்பு, எங்கள் பக்கத்து வழக்கில் விளை, இருந்தது உண்மை. அவர் அப்பா சிவனணைந்தபெருமாள் அதை வாங்கியதும் உண்மை. வாங்கிய வருஷமே மரங்களைச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டுக் கல் ஊன்றி பிளாட் போட்டார் என்பது பத்திரத்தில் இல்லாததால் அண்ணாச்சிக்கு ஞாபகம் இல்லை.

காலனிக்கு ஒரு பூங்கா வந்தது: இரண்டு ஊஞ்சல், ஒரு சிமென்ட் மான். அதற்கு ‘பனை காத்த பெருமகனார் சிவனணைந்தபெருமாள் பூங்கா’ என்று பெயர் வைக்கவேண்டும். அண்ணாச்சியின் மிச்ச ஆயுளுக்கு அது ஒன்றே லட்சியம். மாநகராட்சிக்கு எழுத, குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம் வேண்டும். எட்டு மாதம் வீடுவீடாக ஏறி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குரல் தழுதழுக்கப் பேசினார். தீபாவளிக்குத் தீபாவளி விடியற்காலையில் அப்பா கைப்பிடித்து அழைத்து வருவாராம். அப்போதுதான் இறக்கிய பதனீரை ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுப்பாராம். பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் சாகுபுரம் ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். பதனீரைப் பாட்டிலில் மட்டுமே பார்த்தவர்கள்.

கடைசி வரிசையில் தையல்கடை சந்தனமாரி எழுந்தாள். அந்த மரங்களில் ஏறியவர் அவள் அப்பா.

“அண்ணாச்சி, ஐப்பசியில பதனி எந்த மரத்துல எறங்குச்சு? ஆவணியோட எங்கப்பா அருவாள கூரை எறவாணத்துல சொருகிருவாரு. அடமழையில எவன் பனை ஏறுவான்?”

அந்தக் காலத்தில் பருவநிலை வேறாக இருந்தது என்றார் அண்ணாச்சி.

சங்கச் செயலாளர் ஞானையா கணக்கு வாத்தியார். நியாயம் திடீரென்று தொற்றிக்கொண்ட முகத்தோடு, அப்படியானால் இடத்தின் பழைய பெயரையே வைத்துவிடலாமே, அது என்ன என்று சந்தனமாரியிடம் கேட்டார்.

“கழுதைவிளை, சார். உப்பு சுமக்குற கழுதைக செத்தா இங்கனதான் இழுத்துட்டு வந்து போடுவாக.”

கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் அச்சடித்துப் பார்த்தார்கள். ஞானையாதான் முதலில் தேறினார். பதனீர் எந்த மாதம் இறங்கியது என்பது தாவரவியல், தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லை என்றார். அண்ணாச்சியின் தீர்மானத்துக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. சந்தனமாரியின் கையும்.

பக்கத்திலிருந்த பொன்செல்வி அதிசயமாகப் பார்த்தாள்.

“பெறகு என்னளா செய்ய? எம்மவ ஐஸ்வர்யாவப் பொண்ணு பாக்க ஆத்தூர்லருந்து வாராக. கழுதைவிளைன்னா வழி சொல்ல முடியுமா?” என்றாள் சந்தனமாரி.

அண்ணாச்சி எழுந்து கைகூப்பினார். உண்மையை எத்தனை நாள்தான் மூடிவைக்க முடியும் என்று கேட்டார்.