துரையின் துப்பாக்கியும் என் மச்சானின் பெயரும்

இதை எழுத உட்கார்ந்து எழுதாமலே எழுந்த நாட்கள் எத்தனையோ. முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கொப்பியைத் திறப்பேன். கை ஓடாது. மூடிவிடுவேன். இப்படியே வருஷங்கள் போய்விட்டன. இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் என் மச்சானை, அதாவது என் சம்சாரத்தின் அண்ணனை, இன்றைக்கும் 'துரை துப்பாக்கியைத் திருடினவன்' என்றுதான் சொல்கிறார்கள். அவர் திருடவில்லை.

அப்போது எனக்குத் துரை பங்களாவில், அதாவது தோட்ட மானேஜர் வீட்டில், வேலை. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதும் என் பொறுப்பு. ஆயுத பூஜையன்று தேயிலை ஸ்டோரில் இயந்திரம், மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். துப்பாக்கிக்கும் வைக்க வேண்டுமென்று ஆட்கள் கேட்பார்கள். துரையும் சிரித்துக்கொண்டே தோட்டா இல்லாமல் கொடுத்தனுப்புவார். நான் அதன் லைசென்ஸ் கடுதாசியையும் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் தடவுவேன். ஆயுதத்துக்குச் செய்தால் அதன் கடுதாசிக்கும் செய்ய வேண்டாமா? அது இங்கிலீசில் இருந்தது. நான் படித்ததோ தமிழில் நாலாம் வகுப்பு.

அந்த வருஷம் துரை அலுமாரிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மச்சான் போட்டிருந்த காய்கறிப் பாத்தியில் கோவாவையும் பீன்ஸையும் மரை மான்கள் இறங்கி மொட்டையடித்திருந்தன. பூஜை முடிந்து துப்பாக்கியோடு பங்களாவுக்குத் திரும்பும்போது அவரும் கூடவே வந்தார்.

"மாப்பிள்ள, நாளைக்கு விஜயதசமி. பூஜ போட்ட ஆயுதத்த விடிஞ்சதும் கையில எடுக்கணுமில்ல?"

"வெடிச்சா ஊரே எந்திரிக்கும் மச்சான்."

"அப்ப தொர மேச லாச்சியில கெடக்குற கைத்துப்பாக்கிய எடுங்க. மடியில சொருகிக்கிட்டுப் போறேன்."

"அதுல மானச் சுடணும்னா கிட்டப் போயி அது காதப் புடிச்சுக்கிட்டுத்தான் சுடணும்!"

சிரித்தார். ஆனால் விடவில்லை. "அப்ப பெருசையே குடுங்க, கடுதாசியோட. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு. அது யாரு கையில இருந்தா என்ன? பஸ்ஸுக்கு லைசென்ஸ் இருக்கு, நாமெல்லாம் ஏறிப் போகலியா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அலுமாரியைத் திறந்து இரண்டு தோட்டாவும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

விடியற்காலையில் நானும் கூடப் போனேன். ஒரே வெடி. விழுந்தது பெட்டை மரை. கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினால், எதிரே ஒரு போலீஸ் சார்ஜன். மச்சான் பயமில்லாமல் மடியிலிருந்து கடுதாசியை எடுத்து நீட்டினார். சார்ஜன் சந்தனத்தை விரலால் சுரண்டிப் பார்த்து, "இதென்ன, கோயில் டிக்கெட்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு ஊர் சுற்றுகிற கடுதாசி இல்லையாம். துரை என்கிற ஒரு ஆளுக்குக் கொடுத்ததாம். மான் சுட வேறு அனுமதி வேண்டுமாம், அதற்கும் காலம் உண்டாம். பெட்டையைத் தொடவே கூடாதாம்.

"துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தது யார்?" என்றார்.

இந்த நாட்டிலேயே இருக்க நான் போட்டிருந்த இலங்கைப் பிரஜாவுரிமை மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வரவிருந்தது. போலீசில் பேர் விழுந்தால் மனு போச்சு என்று லயமெல்லாம் பேச்சு. மச்சான் மனுவே போட்டிருக்கவில்லை. இதெல்லாம் ஒரு கணத்தில் என் மனதில் ஓடியது.

"எனக்குத் தெரியாதுங்க. அவரே எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. தேடிக்கிட்டு வந்த என்னையும் கம்பத் தூக்கச் சொன்னாரு" என்றேன்.

மச்சான் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சார்ஜனைப் பார்த்து, "ஆமா, நாந்தான் எடுத்தேன்" என்றார்.

மறியலுக்குப் போனார், சிறையில் இருந்தார். தோட்டத்தில் பேரை வெட்டி வேலையை விட்டு நீக்கினார்கள். வெளியே வந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஹட்டன் ஸ்டேஷனில் என் சம்சாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்ணே இப்படிக் களவெடுத்த?" என்று அழுதாள்.

"விடு தங்கச்சி. மான் கறி ஆச" என்றார்.

பக்கத்தில்தான் நின்றேன். என் மனு சரிவந்தது. அதற்குப் பிறகு ஒரு பூஜையிலும் என்னால் முழுசாக உட்கார முடிந்ததில்லை. கற்பூரம் காட்டும்போதே எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன வெள்ளிக்கிழமை சம்சாரத்திடம் சொல்லிவிட்டேன். மறுநாள், "சாமிகிட்ட சொன்னது போதாது. எங்கண்ணன் புள்ளைங்க காதுல விழணும், எழுதுங்க" என்றாள்.

மச்சான் காலமாகிவிட்டதாகக் கேள்வி. பிள்ளைகள் திருச்சிப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். இதை வாசிக்கிற நீங்கள் அந்தப் பக்கம் போகிறவர்களிடமும் எங்கள் தோட்டத்து ஆட்களிடமும் சொல்லுங்கள்: எடுத்துக் கொடுத்தது மாப்பிள்ளை, பொய் சொன்னதும் மாப்பிள்ளை. பயத்தில் சொல்லிவிட்டான், பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள்.