வாஷிங் மெஷினில் ஒட்டிய பொட்டு

என் நாத்தனார் எனக்காக வாஷிங் மெஷினில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். அதை நான் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

அண்ணன், அதாவது நாத்தனாரின் கணவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் புதுச்சேரிக்கே திரும்பி வந்து எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியேறியபோது, பெரிய மரப்பெட்டியில் அந்த மெஷினும் வந்தது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. பட்டன், திருகு எல்லாவற்றிலும் பிரெஞ்சு எழுத்து. "இது இருக்கும்போது அது எதுக்கும்மா?" என்று சொல்லி மாடியில் இருந்த என் பழைய மெஷினைத் தூக்கிப்போட வைத்தார் நாத்தனார்.

அவர்கள் வந்த சந்தோஷத்தில் உறவுக்காரர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. அதற்கு விரிக்க பிரான்சிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மேஜைவிரிப்பு, மெஷினிலிருந்து தர்பூசணி ஜூஸ் நிறத்தில் வெளியே வந்தது. காரணம் கூடவே சுழன்ற நாத்தனாரின் சிவப்புத் துண்டு. நான் அன்று காலை முழுக்க கதிர்காமம் ஆஸ்பத்திரி லேபில் டியூட்டியில் இருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே எல்லோர் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார்.

"இத்தினி வருசமா பால் மாதிரி வெச்சிருந்தேன். இவ கை வெச்சா, போச்சு!"

"நான் வீட்லயே இல்லியே அண்ணி."

"அதுல என்னம்மா வெக்கம்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

யாரும் என்னை நம்பவில்லை. என் வீட்டுக்காரர் சாம்பாரை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார். மாமியாரின் தங்கை, தவளக்குப்பத்தில் இருக்கும் சின்ன மாமியார், உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார். அவர் காதில் ஒன்று விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தி என் முகத்தை உற்றுப் பார்த்து, "வெள்ளத் துணிய ரோஸ் ஆக்குனது நீதானா?" என்று கேட்டாள். சோறு இறங்கவில்லை.

விருந்துக்கு மறுநாளே பொட்டு வந்தது. திருகைச் சுற்றியிருந்த எழுத்துகளில் ஒன்றின் பக்கத்தில் சிவப்புப் பொட்டை ஒட்டிவிட்டு, "இதுக்கு நேரா வெச்சு அந்தப் பெரிய பட்டன அமுத்து. வேற எதையும் தொடாத" என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷினை நாள் முழுக்க ஓட்டுகிறவள் நான். எனக்குப் பொட்டு! அன்றைக்கே முடிவு செய்தேன். அந்தச் சிவப்புத் துண்டு யாருடையது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அதையும் சின்ன மாமியார் முன்னால் சொல்ல வேண்டும்.

நாத்தனார் காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவார். அந்த நேரத்தில் கீழே இறங்கி, செல்போன் கேமராவை ஒவ்வொரு எழுத்தின் மேலும் பிடிப்பேன். அது பிரெஞ்சைத் தமிழாக்கிக் காட்டும். பாதி உளறல்தான். "மென்மையானவர்" என்று ஒன்று வந்தது, அது பட்டுத்துணிக்கு. "சோம்பேறி" என்று ஒன்று வந்தது. அது என்னவென்று இன்றும் தெரியாது. என் பழைய நைட்டிகளைப் போட்டுப் பழகினேன். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நைட்டி முழங்காலுக்கு ஏறியது. பரவாயில்லை, பாடம் ஏறியது. கீழ் வரிசையில் தண்ணீர் நிறைந்த தொட்டியின் படம் போட்ட ஒரு சின்ன பட்டன் இருந்தது. அதை அமுத்தினால் கடைசி அலசல் முடிந்ததும் மெஷின் தண்ணீரோடு அப்படியே நின்றுவிடும். தண்ணீரை வெளியேற்றச் சொல்லும்வரை கதவு திறக்காது. அது புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சமயம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஜூலை பதிமூன்றாம் தேதி மதியம் சமயம் வந்தது. மறுநாள் காலை பிரெஞ்சு தேசிய நாள் அணிவகுப்பில் அண்ணன் நடக்க வேண்டும். பதக்கம் குத்துகிற வெள்ளைச் சட்டை அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதை மெஷினில் போட்டுவிட்டு, அணிவகுப்பைப் பார்க்க வந்திருந்த சின்ன மாமியாருக்குக் காப்பி போடப் போனார் நாத்தனார். நான் அந்தப் பக்கமாகப் போய் சின்ன பட்டனை அமுத்தினேன். ஆமாம், நான்தான் அமுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பாடு கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து நிற்க, அதில் சட்டை மிதந்துகொண்டிருந்தது. அண்ணன் பனியனோடு நின்று கதவை இழுத்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். மெக்கானிக்குக்குப் போன் செய்தால் நாளைக்குத்தான் வருவாராம். "உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, படிச்சுப் பாரேன்!" என்று நாத்தனாரிடம் கத்தினார்.

நாத்தனாரின் விரல் பட்டன்களுக்கு மேலே அலைந்து, சுற்றிச் சுற்றி அந்தப் பொட்டிலேயே வந்து நின்றது. "பிரான்ஸ்ல நம்ம பையன்தான் எல்லாம் செட் பண்ணி வெப்பான். நான் ஒரு பட்டன்தான் அமுத்துவேன்" என்றார் மெதுவாக. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேச்சில் பிரெஞ்சு உண்டு, படிக்கத் தெரியாது. அந்தப் பொட்டு எனக்காக ஒட்டியதே இல்லை.

ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. கல்யாணத்தில் இறங்காத சோறு ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

"நான் தொறக்கறேன் அண்ணி. அந்தச் சிவப்புத் துண்டு யாரோடதுன்னு சின்ன அத்தைகிட்ட சொல்லுங்க."

"இப்போ எதுக்கு அது?"

"அப்போ நாளைக்கு மெக்கானிக் வரட்டும்."

அண்ணன் மனைவியைப் பார்த்தார். சின்ன மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னோடதுதான். நான்தான் சேத்துப் போட்டேன். இவ அன்னிக்கு வீட்ல இல்ல."

திருகைத் திருப்பிப் பெரிய பட்டனை அமுத்தினேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மெஷின் சட்டையைப் பிழிந்து முடித்ததும் கதவு தானாக விட்டுக்கொடுத்தது. சின்ன மாமியார் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நாத்தனார் நகத்தால் பொட்டைச் சுரண்டத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது இருக்கட்டும் அண்ணி. உங்களுக்கு வேணும்ல."