பெரிய மாப்பிள்ளையின் புரோகிராம்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுவே எனக்குப் பெரிய குறை. மனதார வெறுக்க ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம்.

என் மாமனார் விழுப்புரத்தில் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார். 1993-இல் கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்த கையோடு, அவருக்குப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்றை, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் எழுதிக் கொடுத்தேன். நட்சத்திரம், ராசி, படிப்பு, உயரம் என்று தட்டிவிட்டால் ஒத்துவரும் வரன்களை வரிசையாகக் காட்டும். அதைப் பார்த்து அசந்துபோய்த்தான் மூத்த பெண்ணை எனக்குக் கொடுத்தார். கொஞ்ச காலம் அந்த வீட்டில் நான்தான் ராஜா. திண்டிவனத்தில் என் டைப்பிங் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன் என்று தெரிந்தாலே அங்கே கோழி அடித்துவிடுவார்கள். ஈரல் என் இலைக்கு வரும்.

பிறகு இளைய பெண்ணுக்கு வரன் தேடினார்கள். என் புரோகிராமில்தான் தேடினார்கள், தட்டியதும் நான்தான். முதல் வரியிலேயே கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் வந்து நின்றார். பாண்டிச்சேரியில் சாஃப்ட்வேர் வேலை, பத்துப் பொருத்தமும் பொருந்தியது. எனக்கும் என் மனைவிக்கும் அதே புரோகிராம் ஆறுதான் காட்டியிருந்தது.

கல்யாணம் முடிந்த அடுத்த விருந்திலேயே ஈரல் இலை மாறிப்போனது. அவரோ, "எனக்கு வேணாங்க, அண்ணனுக்கு வைங்க" என்று என் பக்கம் தள்ளினார். அவர் தள்ளிவிட்ட ஈரலை நான் தின்றேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் மாமனாருக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்து வைத்தார். புது விண்டோஸ், ஒரு ஜிபி மெமரி. பழைய மிஷினில் இருந்ததோ நாலே எம்பி. அந்த நாலில் வருஷக்கணக்கில் மக்கர் பண்ணாமல் ஓடிய என் புரோகிராம், புதியதில் ஏற்றியதும் போதுமான மெமரி இல்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

"என்ன மாப்ள, உங்க புரோகிராம் புது மிஷின்ல பேஜாரு பண்ணுது?" என்றார் மாமனார்.

இல்லை என்றால் வாங்கிப் போடுவதுதானே நம் ஊர் வழக்கம். திண்டிவனத்தில் இன்னொரு ஜிபி வாங்கிக்கொண்டு போய்ச் செருகினேன். மறுபடி அதே வரி, மெமரி போதவில்லை.

சகலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்கண்ணே, அது பழைய புரோகிராம். லீவுல உக்காந்துக்கினு நான் புதுசா எழுதிக் குடுத்துடுறேன்" என்றார், அன்பாகத்தான்.

மாமனார் முகம் மலர்ந்தது. "அமாவாசை வரைக்கும் பாப்போம். ஓடலன்னா சின்ன மாப்ள எழுதட்டும்." அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் விழுப்புரத்தில் பஸ் மாறும்போது, பிள்ளைகளின் ஜாதகத்தோடு மாடியில் இருந்த அவர் மையத்துக்கு ஏறும். அவருக்கு அன்றுதான் வியாபாரம். அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சமிருந்தது அந்த ஒரு புரோகிராம்தான்.

அந்த வாரம் என் ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர், ஒன்பதுகளெல்லாம் தீர்ந்து மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்பியது. அதைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. என் புரோகிராமுக்கும் ஓர் அளவுக்கு மேல் எண்ணத் தெரியாது. அத்தனை மெமரியை அது எண்ணிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டுகிறது. அதிகம்தான் அதற்கு ஆகவில்லை.

அமாவாசை காலையில் முதல் பஸ்ஸில் போனேன். விண்டோஸில் அந்தப் புரோகிராமுக்கான செட்டிங்கில் மெமரிக்கென்று ஒரு பக்கம் உண்டு. உள்ளதையெல்லாம் காட்டு என்று அங்கே இருந்ததை மாற்றி, பதினாறு எம்பி மட்டும் காட்டு என்று போட்டேன். நீல நிறத் திரையோடு என் புரோகிராம் திறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மலையனூருக்குக் கிளம்பி வந்திருந்த சகலையும் உள்ளே வந்தார். "சூப்பர்ணே!" என்றார். அந்த முகத்தில் ஒரு சின்னக் கடுப்பாவது தெரியாதா என்று தேடினேன். இல்லை.

"சின்னவளோடத தட்டுங்க மாப்ள, சரியா சொல்லுதான்னு பாப்போம்" என்றார் மாமனார். கல்யாணம் முடிந்தவர்களையும் அவர் அழிக்க விடமாட்டார். ராசியான ஜோடிகள் உள்ளேயே இருக்கட்டும் என்பார்.

தட்டினேன். முதல் வரியில் சகலையின் பெயர், பத்துக்குப் பத்து.

எத்தனையோ வருஷமாக நான் கேட்கக் காத்திருந்ததை மாமனார் அப்போதுதான் சொன்னார்: "பெரிய மாப்ள புரோகிராம் இன்னி வரைக்கும் தப்பா சொன்னதே இல்ல."

சொல்லிவிட்டு சகலையின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.