முதலாவது பெட்டி

எங்கள் ஊர் மீனவர் சங்கத் தலைவர் தேர்தலில் என் வீட்டுக்காரர் ஒருமுறை தோற்றுப்போனார். அவரைவிட அவருடைய வாப்பாவுக்குத்தான் அது பெரிய அடி. மகனைத் தலைவர் கதிரையில் பார்த்துவிட வேண்டுமென்று மாமா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டார்.

அடுத்த தேர்தலில் நாலு பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டில் யாருடைய பெயர் எங்கே வருவதென்று குலுக்கல் போட்டதில் இவருக்கு முதலிடம் விழுந்தது. அன்றைக்கே மனுஷனுக்குத் தலைவர் நடை வந்துவிட்டது.

"முதல்ல இருக்கிறவனுக்குத்தான் சனம் போடும். அது மனுசப் புத்தி" என்று எனக்கு வகுப்பெடுத்தார்.

கரையில் வலை இழுக்கும் கிழவர்களிடமும் அதே கதைதான். "பேரை வாசிச்சுக் கஷ்டப்பட வேணாம் காக்கா. முதலாவது பெட்டிக்குப் புள்ளடியப் போட்டுட்டு வாங்க."

பெயரையும் சொல்லிக் கேளுங்கள் என்றேன். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? கடைசி இடம் கிடைத்தவர் ஓர் இறால் பண்ணைக்காரர். பாவம், இனி வழியில்லையென்று அவர் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை.

சீட்டு அச்சாகி வந்தபோது பெயர்கள் மேலிருந்து கீழாக இல்லை. ஒரே வரிசையில், பக்கம் பக்கமாக நாலு பெட்டி. இடது ஓரத்தில் இவர், வலது ஓரத்தில் இறால் பண்ணைக்காரர். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

வென்றது இறால் பண்ணைக்காரர். போனில் சொன்னதற்கு, "பகிடி விடாதீங்க" என்று வைத்துவிட்டாராம்.

இவர் வீட்டுக்கு வந்து, நன்றி கெட்ட ஊர் என்று திட்டித் தீர்த்தார். ஆத்திரத்தில் நானும் சேர்ந்து திட்டினேன். அந்த நேரம் பார்த்து மாமா, தன் வயதுக் கூட்டாளிகள் நாலைந்து பேரோடு வந்து நின்றார்.

"நாங்க ஒருத்தரும் துரோகம் செய்யல்ல மகன். நீ சொன்னபடி கண்ணாடி கூடப் போடல்ல. நல்ல காரியமெண்டு பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்துல இருந்து முதலாவது பெட்டிக்குத்தான் போட்டோம்."

மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஓதப்பள்ளியில் அரபு எழுத்து மட்டும் படித்த மனுஷர்களுக்கு முதலாவது எந்தப் பக்கமென்று இவர் யோசித்தாரா? சிரிப்பை அடக்க முடியாமல் நான் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

கூட்டாளிகள் போன பிறகு மாமாவின் குரல் கேட்டது.

"மருமகள் ஏன் மகன் உள்ள ஓடினா? என்ட வோட்டு உனக்குத்தானே விழுந்த?"

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"ஓம் வாப்பா" என்றார் இவர். "எனக்கு விழுந்த முதல் வோட்டே உங்கடதான்."