கை மாறிய காப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. சங்கரன்கோவிலில் இருந்து குருவிகுளம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். கைக்குழந்தையோடு நான் மாமியார் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை. சின்ன வயதிலேயே அப்பாவோடு போனவர்தான், ஆனாலும் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை. கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. எப்படியாவது குடியுரிமை வாங்கி எங்களையும் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய ஒரே நினைப்பு.

அந்தப் பங்குனியில் லீவு போட்டு ஊருக்கு வந்தார். மாமனார் தவறி, வருஷத் திதியும் முடிந்து வந்த முதல் அம்மன் கொடைத் திருவிழா. கொடையில் முதல் தீச்சட்டி எடுக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு. அந்த உரிமைக்காகத்தான் மாமனாரும் அவருடைய அண்ணனும் சண்டை போட்டு, இரண்டு வீட்டுக்கும் பேச்சே அற்றுப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை இவர் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மறுநாள் காலையில் தந்தி வந்தது. தோட்டத்தில் கூட வேலை பார்ப்பவர் கொடுத்தது. அங்கே சட்டம் மாறிவிட்டதாம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க இனித் தனி அனுமதி வாங்க வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் நேரில் வந்தால்தான் உண்டாம். நாகப்பட்டினத்தில் இருந்து வெள்ளிக்கிழமை ஒரு கப்பல். அதை விட்டால் அடுத்தது கெடு முடிந்த பிறகுதான். வேலை போய்விட்டால் குடியுரிமையை மறந்துவிட வேண்டியதுதான்.

இவரோ மணிக்கட்டு மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மனா மலேசியாவா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். நானே பூசாரியிடம் போய் நின்றேன். கட்டிய காப்பைச் சும்மா கழற்றி வைக்க முடியாது, அதே வம்சத்து ஆம்பிளை ஒருவர் விரதம் இருந்து வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றார். அந்த வம்சத்தில் மிச்சம் இருந்தவர், எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத இவருடைய பெரியப்பா மகன் ஒருவர்தான். எனக்கு அத்தான் முறை.

மாமியார் மறித்துக்கொண்டார். "ஏட்டி, அவன் கைக்குப் போனா திரும்ப நம்ம வீட்டுக்கு வருமா? அதுக்குத்தானே இத்தனை வருஷமா காத்துக் கெடக்கான்."

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்யாணமானதில் இருந்து மிதிக்காத அந்த வாசலை மிதித்தேன்.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுக் குழம்பு, வாசனை தெருவரைக்கும் வந்தது. நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். தீச்சட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இவர் கப்பலேறினால் போதும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தார்.

"சாயங்கால பஸ்ஸுல போனா ரயிலைப் பிடிச்சிருவான்லா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

கோயிலில் ஊரே கூடி நிற்க, பூசாரி இவர் கையில் இருந்த காப்பை அவிழ்த்து அத்தான் கையில் கட்டினார். அண்ணனும் தம்பியும் அப்போதும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அத்தான் பாட்டுக்கு இவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எல்லைக் கல் வந்ததும் பெட்டியை இவர் தலைக்கு மாற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். பஸ் கண்ணுக்கு மறையும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

கெடுவுக்குள் போய்ச் சேர்ந்து இவர் அனுமதி வாங்கினார். வேலை நிலைத்தது. எத்தனையோ அலைச்சலுக்குப் பிறகு குடியுரிமையும் கிடைத்து, நானும் மகளும் போய்ச் சேர்ந்தோம். அத்தனை வருஷமும் தீச்சட்டி எடுத்தது அத்தான்தான். இனி அது அவர்கள் வீட்டுடையது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். எனக்கு அதில் துளியும் குறை இல்லை.

எண்பதுகளில் ஒரு பங்குனிக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம். காப்புக் கட்டுகிற அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பூசாரி கூப்பிட்டதும் அத்தான் முன்னால் போனார். போனவர் திரும்பி வந்து இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பூசாரி முன்னால் நீட்டினார்.

"ஒன் எடத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்லே, அவ்வளவுதான். எனக்குன்னா வாங்குனேன்?"

இவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மாமியாரும் அழுதார்.

ஒரு நாட்டை விட்டுக் கொஞ்ச நாள் விலகி இருந்தாலே உரிமை போய்விடுமோ என்று பயந்து பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஏதோ சட்டம் மாறுகிறது என்று செய்தியில் கேட்டால் இன்றைக்கும் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். அப்போதெல்லாம், ஊரிலேயே இல்லாத ஒருவருடைய இடத்தை அவருக்காகவே வைத்திருந்து திருப்பிக் கொடுத்த அத்தானை நினைத்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.