ஒரு மாதத்துக்கு எழுதிய மாத்திரை

புளியறையில் சாப்பாட்டுக்கடை நடத்திய சுகிர்தம், லாரிக்காரர்கள் எல்லோரும் உண்டு முடித்த பிறகே தன் தட்டைத் தொடுவாள். நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதிய மாத்திரையைப் பன்னிரண்டு வருடம் விழுங்கினாள். இந்த ஆடியில் சோறு இறங்காமல் போகவே, தென்காசி ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று.

"மாத்திரையாலயா சார்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சில ஆய்வுல சந்தேகப்படுதாங்க. ஆனா எரிச்சல அது அமுக்கி வச்சதால, நீங்க வர லேட்டாயிட்டு."

திரும்பும் வழியில் மருந்துக்கடைக்குப் போனாள். "சீட்டு இல்லாம இத்தன வருசம் ஏன் அண்ணாச்சி குடுத்திய?"

"நீ கேட்ட, குடுத்தேன்."

திட்டித் தீர்க்க வந்தவள், பையில் மீதியிருந்த மாத்திரை அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அறுவைச் சிகிச்சையில் பாதி இரைப்பை போயிற்று. கடையை இப்போது மகள் ரூபி நடத்துகிறாள். யார் மேல் பழி போடுவது என்றுதான் சுகிர்தத்துக்கு இன்னும் தெரியவில்லை.